உடைமுள்ளில் பாடியவர்கள்

திருச்செந்தூர் ரோட்டில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். கையில், கிழிந்த சேலைத் துணியில் சுற்றிய ஓர் இசைத்தட்டு. அதன்மேல் வெயில் படக் கூடாது என்பதற்காக, என் நிழல் விழுகிற பக்கமாகக் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தட்டு இனிப் பாடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் பிடித்தேன். பின்னால் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உலகத்தில் எங்கேயோ சண்டை நடந்துகொண்டிருந்தது.

கருப்பட்டிச் சிப்பம் ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்து நிறுத்தினார்.

“ஏலே, இந்த வெயில்ல எங்கனலே போற?”

“பெரியதாழைக்கு.”

“அம்புட்டுத் தூரமா? அங்கன ஒனக்கு யாரு இருக்கா?”

“பேண்டு செட்டு இருக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பேண்டு செட்டுக்காரன் ஒனக்கு உலை வச்சிட்டுக் காத்திருக்கானாக்கும்?” என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார். எனக்கு எதிர்த் திசையில் போகிற வண்டி அது. ஏற்றிக்கொள்ளவும் வழியில்லை.

என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இப்போது தங்கியிருக்கும் லாட்ஜில் மாடி அறைப் பையன் ஒருவன் இருக்கிறான். ராக் பாட்டு கேட்கிறவன். பெரிய பெயர் எடுத்த கூட்டங்களை அவன் கேட்பதில்லை. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு வண்டிக் கொட்டகையில் நான்கு பேர் கூடி வாசித்து, நூறு பேர்கூடக் கேட்டிராத பாட்டுகளாகத் தேடிப் பிடிக்கிறான். எனக்கும் போட்டுக் காட்டினான். இரண்டு நன்றாக இருந்தன. ஒன்றில் டிரம் அடித்தவன் நல்ல கைக்காரன். “தாத்தா, ஒங்க காலத்துல யாருக்கும் தெரியாத செட்டு இருந்தாச் சொல்லுங்க” என்று அவன் கேட்டான். மூன்று சொன்னேன். பெயர் கேட்டான். ஒன்றுக்கும் பெயர் தெரியாது என்றேன். அவன் சிரிக்காமல் குறித்துக்கொண்டான். அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

எனக்கு அப்பா அம்மா இல்லை. அம்மா காய்ச்சலில் போனாள். அப்பா கொழும்புத் தோணியில் போனவர், சண்டை தொடங்கிய பிறகு சேதி இல்லை. தூத்துக்குடியில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் கிராமபோன் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் பெட்டியையும் குழாயையும் தூக்கிக்கொண்டு போவார். நான் தட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூடப் போவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். எந்தத் தட்டின் விளிம்பு எங்கே உடைந்திருக்கிறது என்பதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டே எடுத்துத் தருவேன்.

ஐப்பசி பிறந்தபோது ஊசி தீர்ந்துபோனது. கிராமபோன் ஊசி வெளிநாட்டுச் சரக்கு. கடைக்கார அண்ணாச்சி கையை விரித்தார். “சண்டையில துப்பாக்கிக்கே இரும்பு காணலயாம், ஒமக்கு ஊசி கேக்குதாவே?” என்றார். பழைய ஊசிகளையே கல்லில் தீட்டித் தீட்டிப் போட்டார் அத்தான். தட்டுகள் தேய்ந்து வெளுத்தன. இரண்டு கல்யாணத்துக்கு வரமுடியாது என்று சொல்லி அனுப்பினார். அந்த வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில், இந்த வீட்டில் ஒரு வாய் அதிகம் என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டாமலே என்னால் அதைப் படிக்க முடிந்தது.

நான்தான் உடைமுள்ளைக் கண்டுபிடித்தேன். எங்கள் பக்கத்துத் தரிசெல்லாம் குடை விரித்தாற்போல் உடைமரங்கள் நிற்கும். அதன் முள் வெள்ளையாய், இரண்டு விரல்கட்டை நீளம் இருக்கும். காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன், அதைப் பிளேடால் சாய்வாகச் சீவி, ஊசி மாட்டுகிற துளையில் வைத்துத் திருகினேன். சாவி கொடுத்துத் தட்டின்மேல் இறக்கினேன். பாடியது. சத்தம் குறைவு. அடுத்த அறையில் யாரோ பாடுவதுபோல் இருந்தது. ஆனால் கரகரப்பு இல்லை.

அத்தான் குனிந்து குழாய்க்குள் தலையை விட்டுக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, “ஏளா, இவனுக்கு இன்னும் ரெண்டு தோசை போடு” என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

முள்ளில் ஒரு குறை உண்டு. ஒரு தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் சரியாக இருக்கும். ஆனால் சினிமாத் தட்டு என்றால் பாதியிலேயே முனை மழுங்கிவிடும். பத்து வாத்தியம் சேர்ந்து அடிக்கிற அந்த ஆரவாரத்தை முள் தாங்காது. பாட்டுக்காரர் மூக்கடைத்துப் பாட ஆரம்பிப்பார். அடக்கமான தட்டுகள்தான் கடைசிவரை போகும். அவை யாரும் கேட்காத தட்டுகள். மதுரையில் ஒரு கடையைக் காலி செய்தபோது அத்தான் மொத்தமாக அள்ளி வந்தவற்றில் அடியில் கிடந்தவை. அப்படித்தான் நான் அவற்றைக் கேட்க ஆரம்பித்தேன்.

ஒன்று, மூன்று பேர் சேர்ந்த கிளாரினெட் செட்டு. ஒருவர் கிளாரினெட், ஒருவர் பிடில், ஒருவர் டோலக்கு. பாட்டு கிடையாது. முதலில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கவனிக்காமல் வாசிப்பதுபோல் இருக்கும். அரைத் தட்டு போன பிறகுதான் மூவரும் ஒரே வீட்டுக்கு மூன்று வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது தெரியும். முதல் தடவையிலேயே பிடிக்காவிட்டால் விட்டுவிடக் கூடாது. மூன்றாம் தடவை பிடிக்கும்.

இன்னொன்று, ஆர்மோனியம் வைத்துக்கொண்டு தனியாகப் பாடும் ஒரு பெண். காகிதம் உரிந்துபோன தட்டு. அவள் பெயரும் ஊரும் தெரியாது. குரல் இனிமை என்று சொல்ல முடியாது. வேலை முடித்துவந்து உட்கார்ந்த ஒருத்தி, பக்கத்தில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். வரியின் முடிவில் குரலை இழுக்க மாட்டாள், அப்படியே கீழே வைத்துவிடுவாள். நான் கேட்டபோதெல்லாம் அவள் எனக்காகப் பாடுகிறாள் என்றே நினைத்தேன்.

கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள். நான் முந்திக்கொண்டு, “அத விட நல்ல பிளேட்டு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி, செத்த கேட்டுப் பாருங்க” என்பேன். பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். பாதிப் பேர் கேட்பார்கள். காயல்பட்டினத்தில், கப்பலிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பெண்கள் உள்ளே இருந்தார்கள். அந்தப் பெயரில்லாத பெண்ணின் தட்டை வைத்து முடித்ததும், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள்.

“இன்னொரு தரம் அதையே வைப்பீங்களாம். உம்மா சொல்லச் சொன்னாக.”

வைத்தேன். மறுபடி ஓடிவந்தாள். இந்தத் தடவை அவள் அக்கா அனுப்பியிருந்தாள்.

“இவங்க யாருன்னு லாத்தா கேக்காக.”

“தெரியாதுன்னு சொல்லு.”

“தெரியாமலா வச்சிருக்கீங்க?” என்றாள். நான் அடுத்த முள்ளைச் சீவினேன். அன்றைக்கு அந்தத் தட்டை நான்கு தடவை வைத்தோம். அத்தானுக்குக் கோபம். “நம்மள எதுக்குக் கூப்பிடுதாங்கன்னே ஒனக்குப் புரியலலே. ஊரு பூரா கேக்கிற பாட்டத் தன் வீட்டுலயும் கேக்கணும்னுதான் கூப்பிடுதான். ஒன் பாட்டு யாருக்கு வேணும்?” என்றார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பச்சை முள் மடங்கிவிடும் என்று காயவைத்துச் சேர்த்திருந்த முட்களில் பூசணம் பூத்தது. சில உளுத்துப்போயின. தை மாதம் பெரியதாழையில் ஒரு பெரிய கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார் அத்தான். அதற்காகவே புதிதாய் ஒரு சினிமாத் தட்டு வரவழைத்திருந்தார். அவ்வளவு முள்ளையும் அதுவரைக்கும் எப்படிக் காப்பாற்றுவது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீனைக் கீறி உப்புத் தடவி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். நிமிராமலே சொன்னாள்:

“உப்புல போட்டு வையிலே. உப்புல போட்டது எது கெட்டிருக்கு?”

எங்கள் ஊரில் இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மீன், மாங்காய், எலுமிச்சை, ஆட்டுத்தோல் எல்லாம் உப்பில்தான் கிடந்தன. பிஸ்கட் தகரத்தில் ஓர் அடுக்கு உப்பு, ஓர் அடுக்கு முள், மேலே ஓர் அடுக்கு உப்பு என்று கருவாடு மாதிரியே அடைத்து மூடினேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் பெரியதாழைக்குப் போய் இறங்கினோம். கடலுக்கும் தேரிச் செம்மணல் மேட்டுக்கும் நடுவில் கிறிஸ்தவ மீனவர் ஊர். கோவிலில் காலைப் பூசையோடு தாலிகட்டு முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் பந்தலுக்கு வரும்போது பாட்டு ஆரம்பிக்க வேண்டும். பந்தலுக்கு வெளியே பனையோலை வேலியில் சாய்ந்துகொண்டு நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் ஈயம் பற்ற வைத்த கார்னெட் குழல். ஒருவரிடம் கிளாரினெட், அதன் ஒரு கட்டை ரப்பர் பட்டையில் நின்றது. சின்ன டிரம் ஒன்று, பெரிய டிரம் ஒன்று. ஊர்ப் பேண்டு செட்டு. மிசின் வருகிறது, நீங்கள் வேண்டாம் என்று பெண்ணின் அப்பா முந்தின நாள் சொல்லிவிட்டாராம். சாப்பாட்டுக்கு மட்டும் வந்திருந்தார்கள்.

தகரத்தைத் திறந்தேன். உப்பு கட்டிப்பட்டிருந்தது. மழைக் காற்றும் கடல் பனியும் சேர்ந்து உள்ளே ஈரம் கசிந்திருந்தது. முட்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. சட்டையில் துடைத்து, சீவி, மாட்டினேன். அத்தான் புதுத் தட்டை வைத்தார். மாப்பிள்ளை பந்தலுக்குள் காலெடுத்து வைத்தார். பாட்டு நன்றாகத் தொடங்கியது. பல்லவி முடிவதற்குள் முள் நனைந்த காகிதம்போல் மடங்கியது. பாடியவர் கிணற்றுக்குள் இறங்கினார். அதோடு, முள்ளில் ஒட்டியிருந்த உப்பு தட்டின் கோடுகளுக்குள் விழுந்து, சிப்பிக் கரையில் அலை பின்வாங்கும்போது வருமே, அந்தச் சத்தம் எழுந்தது.

“ஏலே, பாட்டுக்காரருக்குச் சளி புடிச்சிருக்குலே!”

“சுக்குக்காப்பி போட்டுக் குழாய்க்குள்ள ஊத்துங்கலே!”

பந்தலே சிரித்தது. அத்தானின் காது சிவந்துபோனது. வேறு முள் மாட்டினேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் பாடினால் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். “இத விட நல்லது ஒண்ணு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெயரில்லாத பெண்ணின் தட்டை எடுத்து வைத்து, உப்பு முள்ளை அதன்மேலும் இறக்கினேன். இரண்டு வரி பாடினாள். மூன்றாவது வரியிலிருந்து உப்புதான் கேட்டது. துடைக்கத் துடைக்கக் கோடுகள் அறுந்துகொண்டு போயின.

பெண்ணின் அப்பா எழுந்து வேலிப் பக்கம் பார்த்தார். “ஏலே, நிக்கிறீயளே! ஊதுங்கலே!” என்று கத்தினார்.

நான் சொல்ல வந்த மூன்றாவது செட்டு இதுதான். கார்னெட்காரர் சங்குக் குளியாளி. வருடத்தில் பாதி நாள் தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிறவர். கடலுக்கு அடியில் மூச்சை அடக்கியிருந்து பழகிய மனிதர். மற்றவர்கள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் அவர் நிறுத்தவில்லை. சுரம் போய்க்கொண்டே இருந்தது. இப்போது விடுவார், இப்போது விடுவார் என்று கேட்கிறவனுக்கு மூச்சு முட்டியது. “நம்மாளு அடியிலயே தங்கிட்டான், கயித்த இழுங்கலே!” என்று யாரோ கத்தினார்கள். கிளாரினெட் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. பெரிய டிரம்காரர் அடியை நான் எதிர்பார்த்த இடத்தில் ஒருபோதும் போடவில்லை, அரைக் கணம் தள்ளியே போட்டார். வள்ளத்தின் அடியில் அலை மோதுவது அப்படித்தான் இருக்கும். கோவில் பாட்டு மெட்டு ஒன்றில் ஆரம்பித்து, வலை இழுக்கும் பாட்டு ஒன்றுக்குள் போய்விட்டார்கள். கிழவிகள்கூடக் கால் மாற்றி நின்றார்கள். அத்தானின் அவமானத்தை நான் மறந்துவிட்டேன். அதுதான் நான் செய்த இன்னொரு தப்பு. வாயைப் பிளந்து நான் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் கார்னெட்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “என்னலே, ஒங்க மிசினு படுத்துட்டா?” என்றார். பிறகு என் இலையில் மீன் துண்டை எடுத்து வைத்து, “இன்னொரு நாளு வாலே. பொழுது பூரா ஊதிக் காட்டுதேன்” என்றார். பெரியவர்கள் சும்மா சொல்கிற சொல் அது. எனக்கு அந்த வித்தியாசம் அப்போது தெரியாது.

அன்றிரவு வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை அத்தான் தகரத்தைத் தரையில் கவிழ்த்தார். உப்பும் முள்ளும் சிதறின.

“யாருலே ஒனக்கு இந்த யோசனை சொன்னது?”

அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. நான் அவளைப் பார்த்தேன். அவள் சுளகைப் பார்த்தாள். பிறகு கை மறுபடி புடைக்க ஆரம்பித்தது.

“யாரும் சொல்லல” என்றேன்.

“அப்ப வேணும்னேதான் செஞ்சிருக்க. எங்க போனாலும் அத விட நல்லது, இத விட நல்லதுன்னு ஒன் வாயி சும்மா இருந்துச்சா? சினிமா பிளேட்டு ஒனக்கு ஆகாது. அதக் கெடுத்துட்டு ஒன் பிளேட்ட வைக்கணும். சபையில நான் தலை குனிஞ்சு நிக்கையில நீ அந்தப் பேண்டுக்காரன் வாயப் பாத்துக்கிட்டு நிக்க. இனிமே இந்த வீட்டுல ஒனக்கு இடம் இல்ல. ஒன் பாட்டுக்காரியயும் தூக்கிக்கிட்டுப் போ.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் நினைத்ததிலும் ஒரு நியாயம் இருந்தது. நான் அந்த வீட்டில் பேசியதெல்லாம் தட்டுகளைப் பற்றித்தான். அதை வைத்துத்தான் அவர் என்னை எடைபோட முடியும்.

அக்கா எழுந்து, பழைய சேலையில் ஒரு முழம் கிழித்து, அந்தத் தட்டைச் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

“வெயில்ல காட்டாதலே. வளைஞ்சிரும்” என்றாள்.

ரொம்ப நாள் எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு, போக ஒரு வீடில்லாமல், அவளும் என்னைப் போலத்தான் அந்த வீட்டில் இருந்தாள். எனக்கு இருபது வயதாக இருந்தபோது அவள் பக்கத்தை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் காதில் வாங்கியிருக்க மாட்டேன். மறுபடி அவளைப் பார்த்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. மீன் குழம்பு வைத்தாள். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.

பெரியதாழைக்கும் ஒருநாள் போய்ச் சேர்ந்தேன். ஆறு வருடம் கழித்து. கார்னெட்காரர் கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெரிய டிரம் கோவிலின் பின்கட்டில் தோல் கிழிந்து கிடந்தது. அவர்கள் வாசித்ததை யாரும் எந்தத் தட்டிலும் பிடித்து வைக்கவில்லை. மாடிப் பையனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப எப்படித் தாத்தா கேக்கிறது?” என்றான். கேட்க முடியாது. ஆனாலும் சொல்கிறேன், கேட்க வேண்டிய செட்டு.

அன்றைக்கு ரோட்டில் எட்டு மைல்கூட நடந்திருக்க மாட்டேன். பசி காலைப் பிடித்தது. பொழுது சாயும்போது ஓர் உப்பளத்தின் ஓலைக் கொட்டகையில் போய் ஒடுங்கினேன். விடிந்து கண் திறந்தபோது ஆட்கள் வந்துவிட்டார்கள். மழைக்காலம் முடிந்து பாத்தி மிதிக்கிற நாட்கள் அவை. ஊறிக் கிடக்கிற களிமண் தளத்தை வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். அது இறுகினால்தான் உப்பில் சேறு சேராது.

கங்காணி துணிச்சுற்றைக் காட்டி, “என்னலே அது?” என்று கேட்டார்.

“பிளேட்டு. பாடாது.”

“பாடாததத் தூக்கிக்கிட்டு அலையுத. வேலைக்கு வாரியா? உப்பு வேலை தெரியுமா?”

“மிதிக்கத் தெரியும். உப்பு ஈரத்த இழுக்கும்னும் தெரியும்.”

“அது தெரிஞ்சாப் போதும். எறங்கு” என்றார்.

தட்டை வரப்பில், கொட்டகை நிழல் விழும் இடமாகப் பார்த்து வைத்தேன். அந்தத் துணி பறக்காமல் இருக்க மேலே ஒரு கல் வைத்தேன். வரிசையில் இரண்டு பெண்களுக்கு நடுவில் எனக்கு இடம் விட்டார்கள். சேறு கணுக்கால்வரை குளிர்ந்தது.

“காலு ஒண்ணா விழணும்லே. நீ மட்டும் பிந்திப் பிந்தி மிதிக்க” என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

பெரிய டிரம்காரர் அடித்த இடத்தில்தான் என் கால் விழுந்துகொண்டிருந்தது. அதை மாற்றிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து மிதிக்க எனக்கு மத்தியானம் ஆயிற்று.